வாசகர் கேள்வி பதில்: வேலையிலும் பணியிடத்திலும் இனமும் பாலினமும்

வேலை கிடைப்பதிலும், கிடைத்த வேலையில் சக பணியாளர்களோடு பழகுவதிலும் இனமும் பாலினமும் எவ்வாறு குறுக்கிடுகின்றன என்பது குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படியே தவிர்த்திருக்கிறேன்.

என் பெயரைப் படித்தவுடனேயே நான் எந்த இனத்தைச் சேர்ந்தவள் என்பது தெரிந்துவிடும். பல இடங்களுக்கு விண்ணப்பித்தும் நேர்காணலுக்குக்கூட அழைப்பு வருவதில்லை. பெரும்பான்மையினர் வைத்துக்கொள்ளும் பெயரைப் போலச் சுருக்கி அனுப்பிப் பார் என்கிறாள் தோழி. பெயருக்கு உண்மையிலேயே அவ்வளவு செல்வாக்கு உண்டா? அப்படிச் செய்வது ஏமாற்று ஆகாதா? — வேலை தேடும் ஒரு வாசகி

செல்வாக்கு உண்டு, அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள், அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் செய்தித்தாள்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகளில் வேறுபாடு வராதபடி பார்த்துக்கொண்டு, சிலவற்றில் வெள்ளையர்களிடையே வழங்கும் பெயர்களையும் சிலவற்றில் கறுப்பினத்தவரிடையே வழங்கும் பெயர்களையும் இட்டார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயருக்கு ஓர் அழைப்பு வரப் பதினைந்து விண்ணப்பங்கள் அனுப்ப வேண்டியிருந்தது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு. அனுபவத்தையும் கூடுதல் தகுதிகளையும் சேர்த்து விண்ணப்பத்தை மேம்படுத்தியபோது வெள்ளையர் பெயருக்கு அழைப்புகள் நன்றாகவே உயர்ந்தன. கறுப்பினத்தவர் பெயருக்கு அந்தப் பலன் மிகக் குறைவாகவே கிட்டியது. "இன்னும் ஒரு பட்டம் படித்துவிட்டு முயன்று பார்" என்று உங்களுக்கு அறிவுரை சொல்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

தோழி சொல்லும் வழியும் ஆராயப்பட்டதுதான். விண்ணப்பத்தில் இன அடையாளம் தெரியும் இடங்களை அழித்துவிட்டு அனுப்பினால் என்ன ஆகும் என்று பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. அடையாளத்தோடு அனுப்பியபோது கறுப்பினத்தவர்க்கு நூற்றுக்குப் பத்து அழைப்புகளும், அடையாளத்தை மறைத்தபோது நூற்றுக்கு இருபத்தைந்து அழைப்புகளும் வந்தன. ஆசிய இனத்தவரின் விண்ணப்பங்களிலும் ஏறக்குறைய இரு மடங்கு உயர்வு காணப்பட்டது. எல்லா இனத்தவரையும் வரவேற்கிறோம் என்று விளம்பரத்திலேயே அறிவித்த நிறுவனங்களும் மற்றவற்றைவிடக் குறைவாகப் பாகுபாடு காட்டவில்லை. அந்த வாசகத்தை நம்பித் தங்கள் அடையாளத்தை வெளிப்படையாக எழுதுபவர்கள்தாம் அங்கே அதிகம் இழக்கிறார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கல்வி, அனுபவம் முதலிய விவரங்கள் உண்மையாக இருக்கும்வரை, அழைக்கப்படும் பெயரைச் சுருக்கி எழுதுவதை நான் ஏமாற்று என்று கருத மாட்டேன். பணியில் சேரும்போது தரும் ஆவணங்களில் சட்டப்படியான முழுப் பெயர் இருந்தால் போதும். ஆனால் முழுப் பெயரைக் கண்டு ஒதுக்கியிருக்கக்கூடிய ஓர் இடத்தில் அன்றாடம் வேலை செய்வது எப்படி இருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தவறு செய்பவர்கள் அவர்களாக இருக்க, பெயரை மாற்றிக்கொள்ளும் சுமை உங்கள் தலையில் விழுகிறது என்பதும் உண்மைதான். இருந்தாலும், வருமானத்துக்கு வழி தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, சுயமரியாதையைக் காட்டி "மாற்றாதே" என்று உபதேசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. முடிவு உங்களுடையது, எதைத் தேர்ந்தாலும் அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை.

நான் ஒரு துறையின் மேலாளர். ஆள் எடுக்கும்போது இனமோ பாலினமோ பார்ப்பதில்லை. திறமையையும், எங்கள் குழுவோடு ஒத்துப்போவாரா என்பதையும் மட்டுமே பார்க்கிறேன். ஆனாலும் என் குழுவில் எல்லோரும் ஒரே வார்ப்பாக இருக்கிறார்கள் என்று மேலிடத்தில் குறை சொல்கிறார்கள். நேர்மையாக நடப்பவனைச் சந்தேகிப்பது நியாயமா?

உங்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் "திறமை" என்பதை எந்தக் கட்டத்தில் வரையறுக்கிறீர்கள் என்று கேட்க விரும்புகிறேன். விண்ணப்பதாரர்களைப் பார்ப்பதற்கு முன்பா, பார்த்த பின்பா?

எரிக் உல்மன், ஜெஃப்ரி கோகன் என்ற இரு உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். காவல்துறைத் தலைவர் பதவிக்கு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் மதிப்பிடும்படி பலரிடம் கேட்டார்கள். ஒருவருக்குக் களத்தில் அடிபட்டுத் தேர்ந்த அனுபவம் உண்டு, ஏட்டுக் கல்வி குறைவு. மற்றவருக்குக் கல்வி உண்டு, கள அனுபவம் குறைவு. அனுபவசாலி ஆணாக இருந்தபோது, இந்தப் பதவிக்கு அனுபவமே முதன்மை என்றார்கள். கல்வி கற்றவர் ஆணாக இருந்தபோது, கல்வியே முதன்மை என்றார்கள். யாரும் "பெண் வேண்டாம்" என்று சொல்லவில்லை. தேர்ந்தெடுத்த ஆளுக்குப் பொருந்துமாறு அளவுகோல்தான் நகர்ந்தது. தாம் நடுநிலையானவர் என்பதில் எவருக்கு உறுதி அதிகமாக இருந்ததோ அவரிடம்தான் இந்தச் சாய்வும் அதிகமாக இருந்தது. விண்ணப்பங்களைக் காட்டுவதற்கு முன்பே, எந்தத் தகுதிக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று முடிவு செய்ய வைத்தபோதோ, சாய்வு மறைந்துவிட்டது. மனம் திருந்தாமலேயே முடிவு திருந்தியது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்து, "குழுவோடு ஒத்துப்போவது". மேலாளர்கள் தம்மைப் போன்றவர்களையே மேலே கொண்டுவருவதற்கான காரணத்தை ரோசபெத் மாஸ் கான்டர் என்ற சமூகவியலாளர் 1977இலேயே விளக்கினார். நிச்சயமின்மை நிறைந்த வேலைகளில் யாரை நம்புவது என்ற அச்சம் எழுகிறது. அந்த அச்சத்துக்கு எளிய மருந்து, தன்னைப் போலவே பேசி, தன்னைப் போலவே சிரிக்கும் ஆள். இதில் தீய எண்ணம் எதுவும் தேவைப்படுவதில்லை. ஒத்துப்போவது என்பதை நீக்கச் சொல்லவில்லை. அதன் பொருளை நடத்தையாக எழுதிவையுங்கள். ஒப்புக்கொண்ட தேதியில் வேலையை முடிப்பது, கருத்து வேறுபாட்டை மரியாதையோடு சொல்வது போன்றவற்றை எவரிடமும் சோதிக்கலாம். "பழக இனிமையானவர்" என்பதை அப்படிச் சோதிக்க இயலாது.

எண்ணம் நல்லதாக இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு அமெரிக்க உச்சநீதிமன்றமும் 1971இல் பதில் சொல்லியிருக்கிறது. டியூக் பவர் என்ற மின் நிறுவனத்தில், கறுப்பினத் தொழிலாளர்கள் வெகுகாலம் மிகக் குறைந்த ஊதியமுள்ள பிரிவில் மட்டுமே அமர்த்தப்பட்டிருந்தார்கள். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இனப் பாகுபாட்டைத் தடை செய்து, 1965இல் நடைமுறைக்கு வந்த அதே நாளில், நல்ல பிரிவுகளுக்குப் போக உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு திறனறித் தேர்வுகளிலும் தேற வேண்டும் என்ற நிபந்தனை அங்கே வந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்திருந்த வெள்ளையர்களோ அதே வேலைகளைக் குறையின்றிச் செய்துகொண்டிருந்தார்கள். வேலைக்குத் தேவை என்று நிறுவ முடியாத நிபந்தனை ஓர் இனத்தவரை வெளியே நிறுத்துமானால், அதை விதித்தவரின் நோக்கம் எதுவாயினும் அது சட்டத்துக்குப் புறம்பானது என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

ஆகவே அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, விளம்பரம் வெளியாவதற்கு முன்பே அளவுகோல்களையும் அவற்றின் எடையையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். தேர்வாளர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்கு முன் தனித்தனியாக மதிப்பெண் இடட்டும். இப்படி நான்கைந்து முறை செய்த பிறகும் குழு அதே வார்ப்பில் இருந்தால், விளம்பரம் யாருடைய காதுக்கு எட்டுகிறது என்று பாருங்கள். பணியில் இருப்பவர்களின் பரிந்துரையால் மட்டுமே விண்ணப்பங்கள் வருகின்றன என்றால், நேர்காணல் அறைக்கு வெளியிலேயே தேர்வு முடிந்துவிடுகிறது.

நான் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த பெண். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. புகார் செய்தபோது, "பெண்களுக்கு உயர்வு கொடுத்திருக்கிறோம், உங்கள் இனத்தவருக்கும் கொடுத்திருக்கிறோம், எனவே பாகுபாடு இல்லை" என்று மனிதவளத் துறையினர் பட்டியலைக் காட்டினார்கள். அந்தப் பெண்கள் அனைவரும் பெரும்பான்மை இனத்தவர். என் இனத்தவர் அனைவரும் ஆண்கள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது?

உங்களுக்குத் தரப்பட்ட பதிலுக்கு அரை நூற்றாண்டு வயது. 1976இல் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் இதே வாதம்தான் வென்றது. 1964க்கு முன் அங்கே கறுப்பினப் பெண்கள் வேலைக்கு எடுக்கப்படவில்லை. பிறகு எடுக்கப்பட்டவர்கள், பணி மூப்பின் அடிப்படையில் ஆட்குறைப்பு நடந்தபோது வேலையிழந்தார்கள். கடைசியாக வந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதி பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் கடைசியாக வரும்படி செய்யப்பட்டவர்கள் யார் என்பதை அது கேட்பதில்லை. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்ததால் பாலினப் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். அலுவலக வேலைகளில் இருந்த அந்தப் பெண்கள் வெள்ளையர். இனப் பாகுபாட்டைப் பொறுத்தவரை, அதே நிறுவனத்தின் மீது நடந்துகொண்டிருந்த வேறொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. இரண்டையும் இணைத்துக் கறுப்பினப் பெண்கள் என்ற முறையில் நியாயம் கேட்க இடமில்லை என்பதே முடிவு.

கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்ட அறிஞர் 1989இல் இந்த வழக்கை எடுத்துக்கொண்டுதான், இனமும் பாலினமும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில் நிற்பவர்களைச் சட்டம் காணத் தவறுகிறது என்ற தம் வாதத்தைக் கட்டினார். ஊடுவெட்டு என்று இன்று தமிழிலும் பேசப்படும் கருத்து அங்கிருந்து வந்ததுதான். கல்லூரி வளாகங்களில் அது தேய்ந்துபோன சொல்லாகிவிட்டது என்று சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்; உங்கள் கடிதத்தை அவர்கள் படித்தால் நல்லது.

சட்டமும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. 1980இல் அமெரிக்காவின் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், வெள்ளைப் பெண்களையும் கறுப்பின ஆண்களையும் நல்ல முறையில் நடத்தியது கறுப்பினப் பெண்களுக்கு இழைத்த பாகுபாட்டுக்கு மறுப்பாகாது என்று ஏற்றுக்கொண்டது. கனடாவின் மனித உரிமைச் சட்டம், பல காரணங்கள் சேர்ந்து விளைவிக்கும் பாகுபாட்டையும் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட காரணங்கள் என்றே எழுதப்பட்டிருக்கிறது. பிரிட்டன் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் இரு காரணங்கள் இணைந்த பாகுபாட்டுக்கென ஒரு பிரிவையே எழுதிவிட்டு, அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் ஏட்டிலேயே வைத்திருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புகாருக்கான காலக்கெடு பல நாடுகளில் மாதக் கணக்கில் மட்டுமே இருப்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

மனிதவளத் துறையிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறொரு பட்டியல். உங்களோடு ஒத்த பணி மூப்பும் மதிப்பீடும் உடையவர்களில் உயர்வு பெற்றவர்கள் யார், எந்த அளவுகோலின்படி, அந்த அளவுகோல் எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். உங்கள் ஆண்டு மதிப்பீடுகள், பாராட்டு மின்னஞ்சல்கள், முடித்த பணிகளின் பட்டியல் ஆகியவற்றைத் தேதியோடு வைத்திருங்கள். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களை மட்டும் வெளியே எடுத்துச் செல்லாதீர்கள், அது உங்கள் மீதே திருப்பப்படும். மதிப்பீட்டில் "பேச்சில் கடுமை", "சற்று நயம் தேவை" போன்ற குறிப்புகள் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். ஆன் ஹாப்கின்ஸ் என்பவர் 1982இல் அமெரிக்காவின் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரர் நிலைக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் ஒரே பெண். பெரிய ஒப்பந்தத்தை நிறுவனத்துக்குப் பெற்றுத் தந்திருந்தும் அவருக்குப் பதவி கிடைக்கவில்லை. இன்னும் பெண்மையோடு நடக்கவும் பேசவும் உடுத்தவும் வேண்டும், ஒப்பனை செய்துகொள்ள வேண்டும் என்று அறிவுரைதான் கிடைத்தது. 1989இல் உச்சநீதிமன்றம் அத்தகைய எதிர்பார்ப்பையே பாலினப் பாகுபாட்டுக்கான சான்றாக ஏற்றது. பின்னர் நீதிமன்ற ஆணையின்படி அவர் பங்குதாரராகத் திரும்பிச் சென்றார்.

பெண்கள் ஊதிய உயர்வு கேட்பதில்லை, அதனால்தான் குறைவாகப் பெறுகிறார்கள் என்கிறார்களே?

கேட்டவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேரம் பேசும் ஆணை உறுதியானவர் என்றும், அதே பேச்சைப் பேசும் பெண்ணைப் பிடிவாதக்காரி என்றும் மதிப்பிடுவதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே கேட்கத் தயங்குவது பல நேரங்களில் சரியான கணிப்பே. தவிர, கேட்பதற்கே வாய்ப்பில்லாத இடத்திலும் இந்த வேறுபாடு தோன்றுகிறது. ஷெல்லி கொரெலும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களில் குழந்தை உண்டு என்ற குறிப்பைச் சேர்த்ததுமே பெண்ணுக்கான தொடக்க ஊதியப் பரிந்துரை குறைந்தது. அதே குறிப்பு ஆணுக்கு எந்தப் பாதகத்தையும் செய்யவில்லை. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது இதுதான்.

பாலியல் புகார் விதிகள் கடுமையான பிறகு, வம்பு எதற்கு என்று பெண் ஊழியர்களோடு தனியாகப் பேசுவதையும், அவர்களை வெளியூர்ப் பணிகளுக்கு அழைத்துச் செல்வதையும் தவிர்த்துவிட்டேன். நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லையே? — ஒரு மூத்த அதிகாரி

செய்கிறீர்கள். வேலையில் முன்னேறத் தேவையானவற்றில் பாதி, அதிகாரபூர்வமான கூட்டங்களில் கிடைப்பதில்லை. எந்தத் திட்டம் வரப்போகிறது, எந்த வாடிக்கையாளரை எப்படிக் கையாள்வது, யாருடைய பெயரை மேலிடத்தில் சொல்லலாம் என்பவையெல்லாம் பயணங்களிலும் இடைவேளைகளிலும் பேசப்படுகின்றன. வேலை பற்றிய தகவல்கள் நெருங்கிய நட்புகளைவிட மேலோட்டமான பழக்கங்கள் வழியாகவே அதிகம் பரவுகின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970களில் காட்டினார். அந்தப் பழக்கத்தை ஆண்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டால், எவரையும் ஒரு சொல்கூடத் தவறாகச் சொல்லாமலேயே பெண்களின் பதவி உயர்வை நீங்கள் தடுத்தவர் ஆகிறீர்கள்.

விதிகள் உங்களிடம் கேட்பது விலகியிருப்பதை அல்ல. 1986இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மெஷல் வின்சன் வழக்கில் சொன்னதும், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் பணியிட வன்முறை, துன்புறுத்தல் குறித்து ஏற்ற 190ஆம் உடன்படிக்கை சொல்வதும், விரும்பப்படாத நடத்தையால் ஒருவருடைய பணிச்சூழலை நஞ்சாக்கக் கூடாது என்பதைத்தான். ஒரு திட்டத்தைப் பற்றிப் பேச ஒருவரை அழைப்பது அதில் எங்கும் அடங்காது. தனிச் சந்திப்பு உங்களுக்கு உண்மையிலேயே சங்கடம் என்றால், எல்லோரையும், ஆண்களையும் சேர்த்தே, கண்ணாடிக் கதவுள்ள அறையில் பகல் நேரத்தில் சந்தியுங்கள். ஒருவருக்கு ஒரு விதி, மற்றவருக்கு வேறு விதி என்பதில்தான் பிழை இருக்கிறது.

கூட்டங்களில் என் உச்சரிப்பைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். மற்றபடி நல்ல நண்பர்கள். தடுத்தால் நட்புப் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

முதலில், உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் தனியாகச் சொல்லிப் பாருங்கள்: "கூட்டத்தில் அப்படிப் பேசிக் காட்டினால் நான் சொல்லவந்த கருத்து யார் காதிலும் ஏறுவதில்லை, இனி வேண்டாம்." விளக்கமோ மன்னிப்போ சேர்க்க வேண்டாம். நண்பர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல், "இதைக்கூடத் தாங்க முடியாதா" என்று பழியை உங்கள் பக்கம் திருப்பினால், நீங்கள் காக்க அஞ்சிய நட்பு எத்தகையது என்று தெரிந்துவிடும். அன்றிலிருந்து தேதி, சொன்னவர், உடனிருந்தவர் ஆகிய விவரங்களைக் குறித்து வையுங்கள். மேலாளரும் சேர்ந்து சிரிக்கிறார் என்றால் புகார் செய்யக் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் மதிப்பீட்டை எழுதும் கை அவருடையது. அங்கே அது வேடிக்கை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது.

எங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் ஒரு நாள் பாகுபாடு ஒழிப்புப் பயிற்சி நடத்தினார்கள். இதனால் பயன் உண்டா?

பயிற்சி மட்டும் என்றால் சொற்பம். அலெக்சாண்ட்ரா காலெவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி ஆகியோர் 708 அமெரிக்கத் தனியார் நிறுவனங்களின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவில், மேலாளர் பதவிகளில் பெண்களையும் கறுப்பினத்தவரையும் கூட்டுவதில் இத்தகைய பயிற்சிகளுக்கு மிகக் குறைந்த பலனே தெரிந்தது. இளையவர்களுக்கு மூத்த வழிகாட்டிகளை அமர்த்தியது ஓரளவு உதவியது. மிகுந்த பலன் தந்தது, முன்னேற்றத்துக்கு ஒரு தனி அதிகாரியையோ குழுவையோ பொறுப்பாக்கியதுதான். அப்படிப் பொறுப்பாளர் இருந்த இடங்களில் பயிற்சியும் வழிகாட்டலும்கூட முன்பைவிட நன்றாக வேலை செய்தன. ஆகவே பயிற்சி நடத்தியவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: சேர்ப்பு, உயர்வு, ஊதியம், விலகல் ஆகியவற்றின் எண்களை இனம், பாலினம் இரண்டையும் இணைத்துப் பிரித்து ஆண்டுதோறும் வெளியிடுவீர்களா? அந்த எண்கள் நகரவில்லை என்றால் யார் பதில் சொல்வார்?